தொழிற்களத்தில் மாண்ட முன்னோரைத் தேடுதல்

ஆநிரை மீட்கச் சென்று போரில் வீழ்ந்த வீரனுக்கு நம் முன்னோர் கல் நாட்டினர். அவன் பெயரையும் அவன் இறந்த காரணத்தையும் அக்கல்லிற் பொறித்தனர். செங்கம் முதலிய இடங்களில் அத்தகைய நடுகற்கள் பல இன்றும் காணப்படுகின்றன. ஆனால் பாலம் கட்டுங்கால் ஆற்றில் வீழ்ந்தவனுக்கும், ஆலையின் வார்ப்பட்டையில் அகப்பட்டு உயிர் துறந்தவனுக்கும், சுரங்கத்துட் பாறை சரிந்து மடிந்தவனுக்கும் கல் நாட்டியவர் அரியர். அவர்தம் மக்கள் சில காலம் அழுதனர். பேரர் சில காலம் பேசினர். அதற்கப்பால், 'பாட்டனார் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார்' என்னும் ஒரே வாக்கியம் குடும்பத்தில் எஞ்சி நின்றது.

ஆயினும் அவ்வாக்கியத்தோடு அமைந்துவிட வேண்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரமும் இருப்புப்பாதையும் உலகெங்கும் பரவவே, இத்தகைய சாவுகளை எழுதிவைக்கும் வழக்கமும் அவற்றோடு பரவுவதாயிற்று. எழுதினோர் இறந்தவன்பால் வைத்த அன்பினால் எழுதினாரல்லர். கிராம அதிகாரி ஜனன மரணக் கணக்குக்காக எழுதினார். போலீசார் கொலையோ அன்றோ என்று தெளிதற்கு எழுதினர். அரசாங்க ஆய்வாளர் சட்டம் மீறப்பட்டதோ என்று அறிதற்கு எழுதினார். முதலாளி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவரோ என்று பார்த்தற்கு எழுதினார். இவ்வேடுகளை எங்ஙனம் தேடுவது, கண்டபின் எங்ஙனம் படிப்பது என்னும் இரண்டையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இரண்டனுள்ளும் பின்னதே அரிது. ஏனெனில், அவ்வேடுகளிற் காணப்படும் 'விபத்து' என்னுஞ் சொல், நிகழ்ந்ததை உள்ளவாறு உரைக்கும் சொல்லெனத் தோன்றினும், ஆராயுமிடத்து யாரோ ஒருவர் செய்த தீர்ப்பாகவே முடிகின்றது.

தேடுதல் வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். முதியோர் நினைவில் உள்ளவற்றை அவர் கூறியவாறே, நம் கருத்தைக் கலவாமல், எழுதிக்கொள்ளல் முதற்கடன். இறந்தவர் பெயர், அவர் தந்தையின் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த ஊர், வேலையின் தன்மை, அவரை அழைத்துச் சென்ற மேஸ்திரி அல்லது கங்காணியின் பெயர், உடன் சென்றோர் யாவர், செய்தி எவ்வழியாக வீட்டுக்கு எட்டியது, பணம் ஏதேனும் வந்ததா என்பனவெல்லாம் கேட்டற்குரியன. பெயரைப்பற்றி ஓர் எச்சரிக்கை கூறுவோம். வீட்டில் வழங்கிய பெயர் ஒன்றும், வேலைக் கணக்கில் ஏறிய பெயர் ஒன்றுமாக இருத்தல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய கணக்கர் தம் செவிக்குப் பட்டவாறே எழுதினராதலின், முனுசாமி என்னும் ஒரே பெயர் நான்கு ஏடுகளில் நான்கு விதமாக வருதல் கூடும். ஆகவே தேடுவோர் ஒரு பெயரைக் கொண்டு செல்லாமல், அப்பெயர் மருவக்கூடிய வடிவங்களின் வரிசையையே கொண்டு செல்லல் வேண்டும்.

அடுத்தது காலம். முதியோர் ஆங்கில ஆண்டைக் கூறுதல் அரிது. தமிழ் வருஷத்தின் பெயரைக் கூறுவர். அறுபது வருஷங்கள் சுழன்று வருவனவாதலின், 'தாது வருஷத்தில் இறந்தார்' என்றால் அது 1876–77 ஆகவும் இருக்கலாம். 1936–37 ஆகவும் இருக்கலாம். முன்னது தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வருத்திய காலம். பின்னது ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் பெருகிய காலம். இறந்தவரின் பிள்ளைகளது வயதைக் கொண்டு எது பொருந்துமென்று துணியலாம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னைமேற் குண்டு வீசியது, 1918-இன் இன்புளுயென்சா நோய் முதலிய பெருநிகழ்ச்சிகளுக்கு முன்னோ பின்னோ என்று வினவுதலும் பயன் தரும். குடும்பத்தார் ஆண்டுதோறும் திதி கொடுத்து வருவாராயின், மாதமும் பக்ஷமும் திதியும் கிடைத்துவிடும். அவற்றை ஆங்கிலத் தேதியாக மாற்றுதற்குப் பழம் பஞ்சாங்கங்களும், எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள் 1911-இல் வெளியிட்ட இந்தியக் காலக்கணித நூல் போன்ற ஆராய்ச்சிகளும் வழிகாட்டும். கிறிஸ்தவக் குடும்பமாயின் கல்லறை வாசகத்தையும் கோயிலின் அடக்கப் பதிவேட்டையும் பார்த்தல் வேண்டும். சென்னை மாகாணக் கோயில்களிலிருந்து அக்காலத்தில் அனுப்பப்பெற்ற பதிவுகளின் படிகள் பல லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திற் காக்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலன ஐரோப்பியருடையனவாயினும், நம் நாட்டுக் கிறிஸ்தவர் சிலர் பெயரும் அவற்றுள் உண்டு.

இவ்வளவும் அறிந்தபின் அரசாங்கத்தின் மரணப் பதிவை நாடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-ஆம் ஆண்டு ஜூலை முதல்நாள் தொடங்கி மரணங்கள் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. சென்னை மாகாணத்தில் இதற்கென 1899-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டாயிற்று. கிராமங்களில் கிராம அதிகாரிகளே கணக்கை வைத்திருந்தனர். பின்னர் 1969-ஆம் ஆண்டின் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரே முறையை வகுத்தது. இப்பதிவுகளைத் தேடுவோர் ஒன்றை மறத்தலாகாது: மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படும், பிறந்த ஊரில் அன்று. வடார்க்காட்டிலிருந்து கோலாருக்குச் சென்று இறந்தவனை வடார்க்காட்டுக் கணக்கில் தேடினால் காண்பதரிது. பழைய மரணக் கணக்கிற் காரணங்கள் சில வகைகளாகவே பிரிக்கப்பட்டன: வாந்திபேதி, அம்மை, சுரம், சீதபேதி, சுவாச நோய், காயம், ஏனையவை என்பன அவை. தற்கொலையும் பாம்புக்கடியும் இயந்திரத்தால் நேர்ந்த சாவும் 'காயம்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கும். ஆதலின் இப்பதிவு நமக்குத் தருவது நாளும் இடமுமே. அவ்விரண்டும் கிடைத்தாற் பிற ஏடுகளுக்குக் கதவு திறந்தவாறாம்.

அவ்வேடுகளுள் முதன்மையானது பிரேத விசாரணை அறிக்கை. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 174-ஆம் பிரிவில், ஒருவன் விலங்காலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ இறந்தான் என்று செய்தி கிடைத்தவுடன் போலீஸ் அதிகாரி அவ்விடஞ் சென்று, அக்கம்பக்கத்து நன்மக்கள் இருவர் அல்லது பலர் முன்னிலையில் உடலைப் பார்வையிட்டு, காயங்களை விவரித்து, சாவின் காரணம் இதுவெனத் தோன்றுவதை எழுதி, மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும் என்று விதித்தது. 1973-ஆம் ஆண்டின் சட்டத்திலும் இதே எண்ணுள்ள பிரிவு இதனைக் கூறிற்று. 2024 ஜூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 194-ஆம் பிரிவாயிற்று. இவ்வறிக்கை கிடைக்குமாயின், பஞ்சாயத்தார் பெயர்களும், உடலைக் கண்ட இடமும், உடன் வேலை செய்தோர் வாய்மொழியும் ஒருங்கே கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தொழிலைக் கொரோனர் என்னும் அதிகாரி நடத்துவர். அங்கே மரணச் சான்றிதழில் விசாரணை நடந்த செய்தியும் கொரோனர் பெயரும் குறிக்கப்பட்டிருந்தால், அதுவே தேடுவோர்க்குத் திசை காட்டும் விரலாம்.

எந்நாட்டிலும் இத்தகைய விசாரணைத் தாள்களிற் பல, குறித்த ஆண்டுகள் கழிந்தபின் அழிக்கப்பட்டன. ஆனால் ஒரு தாள் அழிந்தால் அதன் நிழல் வேறோரிடத்தில் விழுந்திருத்தல் உண்டு. அந்நிழலைக் காணுமிடம் தொழில்தோறும் வேறுபடும். இறந்தவர் ஆலைத் தொழிலாளியாயின், தொழிற்சாலைச் சட்டத்தின் நடப்பைப்பற்றி மாகாணந்தோறும் வெளிவந்த ஆண்டறிக்கைகளைப் பார்த்தல் வேண்டும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் இயற்றப்பட்டது; அது இயந்திரவிசை கொண்டு நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடங்களை மாத்திரம் தழுவிற்று. 1891-இல் அவ்வெண் ஐம்பதாகக் குறைக்கப்பட்டது. எனவே சிறு பட்டறையில் இறந்த ஒருவர் பெயர் இவ்வறிக்கைகளில் இல்லாமை, அவர் அங்கு இறக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. சட்டத்தின் கண் அவ்வளவு தூரம் எட்டவில்லை என்பதற்கே சான்று.

இருப்புப்பாதைத் தொழிலாளியாயின், உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்தை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1890-ஆம் ஆண்டின் ரெயில்வே சட்டம் கட்டளையிட்டது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல்நாள் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் வண்டி புறப்பட்டது முதல், தண்டவாளத்திலும் பட்டறையிலும் எண்ணிறந்தோர் உழைத்தனர். அவருள் இறந்தோர் ஆண்டறிக்கைகளிற் பெரும்பாலும் எண்களாகவே நிற்கின்றனர். பிரிட்டனிலோ ரெயில்வே ஆய்வாளர் தனித்தனிச் சாவைப்பற்றி எழுதிய அறிக்கைகளைப் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகமும், யார்க் நகரத் தேசிய ரெயில்வே காட்சிச்சாலையும், வார்விக் பல்கலைக்கழக ஆவணக்களரியும் ஒன்றுகூடித் தொண்டர் பலரைக் கொண்டு படியெடுத்து, எவரும் விலையின்றித் தேடிப்பார்க்குமாறு செய்துள்ளன.

சுரங்கத் தொழிலாளியாயின், பிரிட்டிஷ் இந்தியாவிற்கு 1901-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், அதன்கீழ்த் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட ஆண்டறிக்கைகளும் உள. ஆனால் தமிழர் பல்லாயிரவர் சென்று உழைத்த கோலார் தங்கவயல் அக்காலத்தில் மைசூர் சமஸ்தானத்துள் இருந்தது. ஆகையால் அங்கு இறந்தவரைப் பிரிட்டிஷ் இந்திய அறிக்கைகளில் தேடாது, மைசூர் அரசாங்கத்தின் சுரங்கத் தலைமை ஆய்வாளர் அறிக்கைகளில் தேடல் வேண்டும். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய அச்சுரங்கங்கள் காலப்போக்கில் பதினாயிரம் அடிக்கு மேலும் ஆழ்ந்தன. அத்துணை ஆழத்தில், மேலுள்ள பாறையின் பாரம் தாங்காது சுரங்கச் சுவர்களே திடீரென வெடித்துச் சிதறும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவை மூடப்பட்டன. வேலை நின்றுவிட்டமையின், பழைய தாள்களையும் முதியோர் நினைவுகளையும் விரைந்து தேடுவது அங்குப் பிறந்த இளைஞர் கடன்.

குடும்பத்தை நேரே காட்டும் ஏடு நஷ்டஈட்டு வழக்கின் கட்டு. 1855-ஆம் ஆண்டிலேயே, ஒருவன் பிறர் குற்றத்தால் இறந்தால் அவன் குடும்பத்தார் வழக்கிடலாம் என்று இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் கூலியாளின் கைம்பெண் நீதிமன்றமேறி முதலாளியின் குற்றத்தை மெய்ப்பித்தல் எளிதோ? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 1924 ஜூலை முதல்நாள் நடைமுறைக்கு வந்து, இந்நிலையை மாற்றிற்று. அது குறித்த தொழில்களில், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த சாவுக்கு, முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே பணம் பெற வழி செய்தது. வயதுவந்தவன் இறந்தால் முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுட் குறைந்தது, கொடுக்கவேண்டும் என்று அச்சட்டம் முதலில் வகுத்தது. மாதம் 20 ரூபாய் பெற்றவன் இறந்தால் அவன் குடும்பத்துக்கு வரக்கூடியது 600 ரூபாய். அப்பணத்தை முதலாளி நேரே கொடுக்கலாகாது. கமிஷனர் என்னும் அதிகாரியிடம் கட்டவேண்டும். கமிஷனர் இன்னார் மனைவி, இன்னார் மக்கள், இன்னார் பெற்றோர் என்று ஆராய்ந்து பங்கிட்டனர். எனவே எஞ்சியுள்ள கட்டுகளில் சம்பளமும், குடும்பத்தார் பெயரும், வயதும், ஊரும், கைநாட்டும் காணப்படும். இலங்கையில் இத்தகைய சட்டம் 1934-இல் இயற்றப்பட்டது. அங்கு உழைத்து மாண்டோர் வழியினர் அதனை நினைவிற் கொள்க.

இனிச் செய்தித்தாள்கள். 1878-இல் தோன்றிய 'ஹிந்து'வும், 1882-இல் தோன்றிய 'சுதேசமித்திரன்' பத்திரிகையும் தென்னாட்டுத் தொழில் விபத்துகளைக் குறிப்பிட்டு வந்தன. தமிழ்ப் பத்திரிகைகளின் செய்திகளை அரசாங்கத்தார் ஆங்கிலத்திற் சுருக்கி எழுதுவித்த அறிக்கைகளும் உண்டு. எழும்பூரில் 1909-இல் எழுந்த கட்டடத்தில் அமைந்த பழைய மதராஸ் ரிக்கார்டு ஆபீசு இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமென வழங்குகின்றது. சட்டம், பொதுமராமத்து, தொழில் முதலிய இலாகாக்களின் ஆணைகளையும் ஆண்டறிக்கைகளையும் அங்குக் காணலாம். கன்னிமாரா நூல் நிலையமும், 1994-இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இதழ்களைத் தேடுவோர்க்குப் பெருந்துணை. இதழ்களில் ஒரு குறை உண்டு: இறந்தவர் கூலியாளாயின் பெயரின்றி, 'ஒரு கூலி' என்று எழுதிச் செல்லும் வழக்கம் அக்கால ஆங்கில இதழ்களில் இருந்தது. நாளும் இடமும் முன்னரே அறிந்தவனுக்கே அப்பெயரிலி தன் பாட்டனென்று தெரியும்.

இதுகாறும் தேடும் வழியைக் கூறினோம். இனிப் படிக்கும் வழியைக் கூறுவோம். இதற்கு, ஏடுகள் நிறைவாக எஞ்சியுள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுதல் நலம்; அது வேல்ஸ் நாட்டில் நிகழ்ந்தது. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள செங்கெனித் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் காலையில் வெடிப்பு நிகழ்ந்தது. உள்ளே ஏறக்குறைய 950 பேர் இருந்தனர். அவருள் 439 பேர் இறந்தனர். மீட்கச் சென்றவருள்ளும் ஒருவர் இறந்தார். 200-க்கு மேற்பட்ட பெண்கள் கணவரை இழந்தனர். 500-க்கு மேற்பட்ட குழந்தைகள் தந்தையை இழந்தனர். பிரிட்டனின் சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரிய உயிர்ச்சேதம் இதுவாகும்.

அவ்வாறு இறந்த ஒருவரின் பேரன் ஆவணங்களைத் தேடப் புகுகின்றான் என்று கொள்வோம். அவன் முதலிற் காண்பது கொரோனர் விசாரணையின் முடிவு: ஐந்து நாள் விசாரித்தபின் ஜூரிமார் கூறியது விபத்தினால் நேர்ந்த சாவு என்பதே. இத்தோடு அவன் நின்றுவிட்டால், இயற்கையின் சீற்றத்தால் பாட்டன் மாண்டான் என்றே நம்புவான். ஆனால் அவன் அடுத்த ஏட்டையும் எடுக்கின்றான். சுரங்கத் தலைமை ஆய்வாளர் ரெட்மெயின் என்பார் தலைமையில், முதலாளிமார் சார்பில் ஒருவரும் தொழிலாளர் சார்பில் ஒருவரும் உடனமர, 1914-இல் அரசாங்க விசாரணை நடந்தது. தீப்பற்றும் வாயு எரிந்து, நிலக்கரித் தூசியின் வழியே தீ ஓடிற்று என்பது அவ்விசாரணையிற் புலனாயிற்று. சுரங்கத்தின் காற்றோட்டத்தை வேண்டும்போது எதிர்த்திசையில் திருப்பத்தக்க அமைப்பு இருத்தல் வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. கொடுத்த தவணையும் கழிந்தபின், வெடிப்பு நாளில், அவ்வமைப்பு அங்கு முடிவு பெற்றிருக்கவில்லை.

அவன் இன்னும் பின்னே சென்று 1901-ஆம் ஆண்டின் ஏடுகளைப் பார்க்கின்றான். அதே சுரங்கத்தில் அவ்வாண்டு மே 24-ஆம் நாள் வெடிப்பு நேர்ந்து 81 பேர் இறந்திருந்தனர். அதனை ஆராய்ந்த காலோவே என்னும் அறிஞர் நிலக்கரித் தூசியின் கொடுமையை அன்றே சுட்டிக்காட்டியிருந்தார். மூன்றாவதாக நீதிமன்ற ஏடு. சுரங்க மானேஜர்மீது பதினேழு குற்றங்கள் சாட்டப்பட்டன. அவற்றுட் சிலவற்றுக்காக அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 24 பவுன். கம்பெனிக்கு விதிக்கப்பட்டது 10 பவுனும் வழக்குச் செலவும். 24 பவுனை 439-ஆல் வகுத்துப் பார்ப்போமாயின் ஓர் உயிருக்கு 13 பென்ஸ் ஆகும். அக்காலத்துச் செய்தித்தாள் ஒன்றும் இக்கணக்கைப் போட்டு வெளியிட்டது.

ஒரே நாளில் நிகழ்ந்த ஒரே நிகழ்ச்சியை ஓர் ஏடு விபத்து என்கின்றது. மற்றோர் ஏடு சட்டம் விதித்தது செய்யப்படவில்லை என்கின்றது. பிறிதோர் ஏடு அதற்கு விலை கூறுகின்றது. மூன்றும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் தான் வினாவியதற்கே விடை கூறிற்று. கொரோனரின் ஜூரி கொலையோ விபத்தோ என்று கேட்டது. ஆய்வாளர் காரணத்தைக் கேட்டார். நீதிமன்றம் எந்தப் பிரிவு மீறப்பட்டதென்று கேட்டது. ஆகவே எந்த ஏட்டைக் கண்டாலும், இதனை எழுதினோர் என்ன வினாவுக்கு விடை தேடினர் என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.

இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. இறந்தவன் தன் அஜாக்கிரதையால் இறந்தான் என்னும் வாக்கியம் பழைய ஏடுகளில் அடிக்கடி வரும். பிரிட்டிஷ் ரெயில்வே கணக்குகளில் 19-ஆம் நூற்றாண்டில், தம் வசமல்லாக் காரணத்தால் இறந்தோர் என்றும், தம் தவறு அல்லது கவனக்குறைவால் இறந்தோர் என்றும் இரு பத்திகள் போட்டே எழுதினர். அக்காலச் சட்டத்தை அறியாதவர், எழுதியவர் கண்டதையே எழுதினார் என்று எண்ணிவிடுவர். 1837-இல் இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று, கசாப்புக்கடை வேலைக்காரன் ஒருவன் பாரம் மிகுந்த வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்த வழக்கிலே, முதலாளி பொறுப்பாளி அல்லர் என்று தீர்ப்புக் கூறிற்று. அதன் வழியே, உடன்வேலை செய்வோன் தவறினால் ஒருவன் காயமுற்றால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்னும் கோட்பாடு வேரூன்றிற்று. 1948-இலேயே அஃது அந்நாட்டில் முற்றும் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னர், தொழிலாளி தவறினான் அல்லது அவன் தோழன் தவறினான் என்று எழுதப்பட்டால் முதலாளிக்குப் பணம் மிச்சமாயிற்று.

நம் நாட்டிலும், 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் வடிவத்தில், குடிவெறியாலோ, பாதுகாப்புக்காக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாளி அல்லர் என்று ஒரு விலக்கு இருந்தது. 1933-ஆம் ஆண்டின் திருத்தம், சாவு நேர்ந்த வழக்குகளில் அவ்விலக்கைச் செல்லாததாக்கிற்று. ஆதலின், அத்திருத்தத்துக்கு முற்பட்ட ஒரு கட்டில் 'கட்டளையை மீறினான்' என்று கண்டால், அச்சொல்லுக்கு அன்று ஒரு பண மதிப்பு இருந்தது என்பதை மனத்திற் கொண்டே அதனைப் படித்தல் வேண்டும். அதனாலேயே அது பொய்யென்று தள்ளுதலும் முறையன்று. சில வேளைகளில் தொழிலாளி உண்மையிலேயே தவறியிருப்பான். தவறினான் எனக் கண்டவிடத்தும், அவன் எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை செய்திருந்தான், சக்கரத்துக்கு மூடி இருந்ததா, விளக்கு இருந்ததா, அதே இடத்தில் முன்னர் ஒருவன் இறந்திருந்தானா என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன.

இன்னும் சில வினாக்களையும் ஏட்டின் முன் வைத்தல் தகும். சாட்சி சொன்னோர் யாவர்? வேலையை ஏவிய மேஸ்திரி மட்டுமா, அருகிருந்த தொழிலாளரும் உளரா? அவர் சொன்னது தமிழிலோ தெலுங்கிலோ இருக்க, எழுதப்பட்டது ஆங்கிலத்தில் என்றால், இடையிலே மொழிபெயர்த்தவர் யார்? இறந்தவன் கம்பெனியின் ஆளாக எழுதப்பட்டானா, காண்ட்ராக்டரின் ஆளாக எழுதப்பட்டானா? பின்னதாயின் கம்பெனியின் சம்பளக் கணக்கில் அவன் பெயர் இராது. கைம்பெண்ணின் வாய்மொழி எங்கேனும் உளதா? இல்லையாயின், குடும்பத்திற் சொல்லிவரும் கதையே அவள் வாய்மொழி எனக் கொண்டு, அதனையும் ஏட்டின் பக்கத்தில் ஒரு சான்றாக வைத்தல் வேண்டும். ஏடும் கதையும் மாறுபடுமிடத்து, ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அழித்தலினும் இரண்டையும் எழுதிவைத்தல் மேல்.

விபத்துக் கணக்கில் ஏறாத சாவும் உண்டு என்பதையும் கூறாதொழிதல் முறையன்று. கற்றூசியை ஆண்டாண்டாக உள்ளிழுத்து, நுரையீரல் இறுகி, ஊருக்குத் திரும்பி, இருமியே இறந்தவன் எந்த விபத்தேட்டிலும் இரான். மரணக் கணக்கில் சுவாச நோய் என்னும் பத்தியில் இருப்பான். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் தொழில்நோய்ப் பட்டியலிலும் இந்நோய் இடம்பெறவில்லை. அவனும் தொழிற்களத்தில் மாண்டவனே. தேடுவோர், ஒரே ஊரில் ஒரே தொழிலுக்குச் சென்றோர் பலர் நடுவயதில் ஒரே விதமாக இறந்திருப்பாராயின், அதனையும் குறித்துக்கொள்வாராக.

இத்தனை முயற்சியும் எற்றுக்கு எனின், கூறுவோம். இறந்தவர் திரும்பி வருவாரல்லர். அபராதம் வாங்கவும் காலம் கடந்தது. ஆயினும் 'உன் பாட்டன் கவனக்குறைவால் செத்தான்' என்று மூன்று தலைமுறையாகக் கேட்டுவந்த குடும்பத்துக்கு, அச்சக்கரத்துக்கு மூடியே இருந்ததில்லை என்று அறிதல் சிறிய செய்தி அன்று. 'முதலாளி கொன்றுவிட்டார்' என்று நம்பிவந்த குடும்பத்துக்கு, மீட்கப் புகுந்தோர் தம் உயிரையும் பொருட்படுத்தாது முயன்றனர் என்று அறிதலும் சிறிய செய்தி அன்று. உண்மை இருபாலும் வெட்டும் வாளாதலின், கண்டதை முதலில் வீட்டு முதியோரிடம் மெல்லக் கூறி, அவர் இசைவு பெற்ற பின்னரே பிறர்க்கு வெளியிடுதல் பண்பாம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் இவ்வாறு மாண்டவர் ஒருவரேனும் உளரோ என்று வினவுவாராக. இருப்பின், பெயரும் ஊரும் தொழிலும் நாளும் ஒரு தாளில் எழுதி, அதன் படியை இருவரிடம் வைப்பாராக. பரணிலுள்ள பழைய பெட்டியிற் சம்பளச் சீட்டோ, கம்பெனியின் கடிதமோ, பணவிடைத்தாளின் துண்டோ இருந்தால், அதனைக் குப்பையென்று எறியாது காப்பாராக. அரசாங்கத்தின் ஏடுகள் பல இறந்துபட்ட போதும், வீட்டுப் பெட்டியிற் கிடந்த ஒரு துண்டுத் தாள் ஒரு மனிதனின் பெயரைக் காத்தல் கூடும்.